தோழியின் பலவீனம் தருக்கமா?

நெட் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்த்துறைத் தோழி ஒருவரின் மாதிரித் தேர்வு அறிக்கை, ‘தருக்க அறிவில் பலவீனம்’ என்றது. அதை நம்பி இரண்டு மாதம் தருக்கப் பயிற்சி செய்தார், மதிப்பெண் அசையவில்லை.

சென்ற வாரம் பள்ளுருத்தியில், எங்கள் வாடகை வீட்டில், முதல் தாளில் அவர் தவறவிட்ட பன்னிரண்டு வினாக்களைத் தமிழில் சொன்னேன். ஒன்பதுக்குச் சரியாக விடையளித்தார். அவசரமில்லாமல் யோசித்ததால்தான் என்பீர்கள். இருக்கலாம். அப்போதும் குறை தருக்கத்தில் இல்லையே!

இரண்டாம் தாள் அவருக்குத் தமிழில்தான். எல்லாத் துறையினருக்கும் பொதுவான முதல் தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. நீட் 13 மொழிகளில் நடக்கும் நாட்டில் இதற்கு என்ன நியாயம்? இந்தியில் படித்தவருக்கு அது அறிவுத் தேர்வு. நமக்கு அதற்கு முன் ஒரு மொழித் தேர்வு. 300இல் 100 மதிப்பெண் இத்தாளுக்கு. 2024 முதல், இளநிலை ஆய்வு நல்கை கிட்டாமல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோருக்கு நெட் மதிப்பெண்ணே 70 விழுக்காடு; நேர்காணல் 30.

பயிற்சி வகுப்பு நடத்தும் பேராசிரியர்கள் தவறிய வினாக்களை மட்டும் எண்ணுகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வு இது; ஊகித்துச் சரியானவையும் பலம் என்றே பதிவாகின்றன. ஊகித்த விடைக்கருகே மாணவர் ஒரு புள்ளி வைக்கட்டும். தவறியதைத் தமிழில் மீண்டும் கேளுங்கள். அதன் பிறகு சொல்லுங்கள், யாருக்கு எதில் பலவீனம் என்று.