அகலக்கால் வைக்கும் பழைய கார்கள்!

கார் கம்பெனி மூடினாலும் கார் சாவதில்லை. தூத்துக்குடி ரோடுகளே சாட்சி.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. மாருதி 800-ம் அதே ஆண்டு நின்றது. பிரிமியர் பத்மினி அதற்கும் பல ஆண்டு முந்தியே விடைபெற்றுவிட்டது. ஆனாலும் முத்தையாபுரம், முள்ளக்காடு உப்பளங்களுக்கும், பீச் ரோட்டுக்கும், பனிமய மாதா கோவில் திருவிழாவுக்கும் இந்தக் கிழட்டுக் கார்கள் வந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அப்பா ஓட்டிய காரை மகன் ஓட்டுகிறார். நல்ல காரியம். பழசைக் காப்பாற்றுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. காரின் சக்கரத்தைப் பாருங்கள்! மட்கார்டுக்குள் அடங்கி இருக்க வேண்டிய டயர், வெளியே எட்டிப் பார்க்கிறது. "பார்வைக்கு கம்பீரமா இருக்கு" என்கிறார்கள். கம்பீரம் சரி. அந்தச் சக்கரம் எதில் நிற்கிறது என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

ஆப்செட் என்றால் என்ன?

ரிம்முக்கு ஒரு நடுக்கோடு உண்டு. ஹப்பில் போய் உட்காருகிற முகம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆப்செட். மில்லிமீட்டரில் சொல்வார்கள். உட்காருகிற முகம் ரோட்டுப் பக்கமாகத் தள்ளி இருந்தால், சக்கரம் காருக்குள் அடங்கும். அந்த முகம் உள்பக்கமாகத் தள்ளி இருந்தால், சக்கரம் வெளியே துருத்தும்.

இந்தத் தூரத்தைக் கார் செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை. காரின் பாரம் வீல் பேரிங் மேல் எங்கே இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தார்கள்.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் அரை மைல் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து அடி நடக்க முடியுமா? குடம் அதே குடம்தான். தூரம்தான் கனத்தைக் கூட்டுகிறது. பேரிங்கின் கதியும் அதுதான்!

அகல ரிம் மாட்டுகிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, 4 அங்குல ரிம்மைக் கழற்றி 6 அங்குல ரிம் போடுகிறார் ஒருவர். இரண்டு அங்குலம் கூடுகிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இத்தோடு ஆப்செட் 35-லிருந்து 10-க்கு இறங்கினால் இன்னொரு 25 மில்லிமீட்டர் வெளியே போகும். மொத்தம் 5 சென்டிமீட்டர் வெளியே! ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும். ஐந்து பேர் ஏறினால் பின் டயரும் உரசும். பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கும்.

ஸ்பேசர் எனும் வில்லங்கம்

ரிம் மாற்றக் காசு இல்லாதவர்கள் ஸ்பேசருக்குப் போகிறார்கள். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே செருகும் உலோகத் தட்டு அது. ஒரு பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர் போட்டால், இரண்டு பக்கமும் சேர்த்து சக்கரங்களின் இடைவெளி 50 மில்லிமீட்டர் கூடும். ஆப்செட் 25 குறைந்ததற்குச் சமம்.

ஆனால் போல்ட் வளரவில்லையே! விவகாரமே இங்கேதான்.

போல்டின் கனம் எவ்வளவோ, அந்த அளவு நீளமாவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் கணக்கு. 12 மில்லிமீட்டர் போல்டில் மரை இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் என்றால், நட்டு குறைந்தது 8 சுற்று ஏற வேண்டும். பழைய போல்டிலேயே 10 மில்லிமீட்டர் தட்டைச் செருகினால் ஆறு சுற்றுக்கு மேல் பறிபோய்விடும். மிச்சம் என்ன நிற்கும்? இரண்டு மரையில் ஒரு சக்கரம் தொங்கும்!

லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய தட்டு என்றால் இன்னும் மோசம். நடுத் துவாரம் ஹப்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பாரம் முழுவதும் போல்ட் மேல் விழும். சக்கரம் தள்ளாடும். போல்ட் தேய்ந்து ஒருநாள் முறியும்.

துளை விஷயமும் அப்படியே. நான்கு துளை இருந்தால் எல்லா ரிம்மும் பொருந்தும் என்று நினைப்பது தப்பு. துளைகள் நிற்கும் வட்டம் சில கார்களுக்கு 98 மில்லிமீட்டர், வேறு சிலவற்றுக்கு 100, இன்னும் சிலவற்றுக்கு 114.3. 98-க்கும் 100-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தட்டிக்கொட்டி மாட்டிவிடலாம். ஓடும்போதுதான் தெரியும்!

நட்டின் அடியையும் பார்க்க வேண்டும். சில நட்டு கூம்பு, சில நட்டு உருண்டை, சில நட்டு தட்டை. இரும்பு ரிம் நட்டை அலாய் ரிம்மில் போட்டால் பிடிப்பு இருக்காது.

முத்துக்குளித்த காலத்தில் கடலுக்குள் இறங்கியவரின் உயிர், மேலே இருந்தவர் பிடித்த கயிற்றில் இருந்தது. அதனால் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்று ஆள் பார்த்துக் கொடுத்தார்கள். 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு இல்லை. ஆனால் காரில் போகிற குடும்பத்தின் உயிர் இன்றைக்கு நான்கு நட்டில் இருக்கிறது. அதை யார் முறுக்கினார்கள் என்று கேட்க வேண்டாமா?

டயர் எழுத்தைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது. படிப்பவர்கள்தான் குறைவு.

மாருதி 800-க்கு 145/70 ஆர் 12. அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம். ரிம் 12 அங்குலம். கூட்டிப் பார்த்தால் டயரின் முழு விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 165/70 ஆர் 12 மாட்டினால் விட்டம் 536 ஆகிவிடும். ஐந்தரை சதவீதம் கூடுதல். மீட்டர் 60 காட்டும்போது கார் 63-ல் ஓடும். பிரேக் பிடிக்கிற கணக்கும் மாறும், இழுவையும் குறையும். 155/70 ஆர் 12 என்றால் வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குள் நிற்கும். அதைத் தாண்டாமல் இருப்பது உத்தமம்.

அதன் பக்கத்தில் உள்ள எண்ணும் முக்கியம். 69 என்று இருந்தால் அந்த டயர் தாங்கும் எடை 325 கிலோ. அதைவிடக் குறைந்த எண் உள்ள டயரை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கக்கூடாது.

அம்பாசிடரின் பழைய அளவு 5.90-15. பத்மினிக்கு 5.20-14. இரண்டும் பழைய நைலான் டயர் காலத்து அளவுகள். கேட்ட உடனே எல்லாக் கடையிலும் எடுத்துத் தருவதில்லை. அதனால் இரண்டு சக்கரத்தில் நைலான், இரண்டில் ரேடியல் என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒரே அச்சில் இரண்டையும் கலப்பது கூடவே கூடாது. நாலும் ஒரே ஜாதியாக இருப்பதே சரி. வழியே இல்லை என்றால் ரேடியல் இரண்டும் பின்னால் இருக்க வேண்டும்.

வயதையும் பாருங்கள். கடைசி நான்கு எண் 1219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 12-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும், பத்து வருஷம் ஆன ரப்பர் கருவாடு மாதிரிதான். ஓரங்கட்டுங்கள்!

உப்புக் காற்றும் வெள்ளமும்

மற்ற ஊரில் செல்லுபடி ஆகிறது இந்த ஊரில் ஆகாது. இங்கே அடிப்பது உப்புக் காற்று. அலுமினியத் தட்டும் இரும்பு ஹப்பும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரித்துப் பூத்துவிடும். நட்டு இறுகிப்போய் ஸ்பானருக்கு அசையாது. பஞ்சர் ஆன ராத்திரியில் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் புகுந்த பேரிங்கில் கிரீஸ் வெளுத்துவிடும். அப்படி நனைந்த பேரிங்கைப் பிரித்துப் பார்க்காமல், அதன் மேல் ஸ்பேசரும் அகல டயரும் ஏற்றினால் என்ன ஆகும்?

ரோட்டில் கூட வருகிறவர்கள் யார்? 1974-ல் பெரிய துறைமுகம் ஆன ஊர் இது. கன்டெய்னர் லாரியும் உப்பு லாரியும் நிலக்கரி லாரியும் முன்னும் பின்னும் வருகின்றன. அவற்றின் நடுவே ஒரு காரின் சக்கரம் கழன்றால், சாவது காரில் இருப்பவர் மட்டுமா? சைக்கிளில் போகிற உப்பளத் தொழிலாளி என்ன பாவம் செய்தார்?

சட்டம் சும்மா இல்லை

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரள வழக்கில் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்! டயர் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்றும் விதி இருக்கிறது.

15 வருஷம் தாண்டிய சொந்தக் கார், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க அதிகாரி முன் நிற்க வேண்டும். அன்றைக்கு மட்டும் பழைய ரிம்மை மாட்டிக்கொண்டு வந்து, மறுநாள் கழற்றிவிடுகிற சாமர்த்தியம் யாருக்கு நஷ்டம்? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது

கார் வைத்திருப்பவர்கள் பழைய அளவு ரிம்மைத் தேடிப் பிடிக்கட்டும். உடைத்த காரிலிருந்து வாங்கினாலும், வளைவும் விரிசலும் இல்லாததாகப் பார்த்து வாங்கட்டும். ரிம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி முறுக்கட்டும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.

டயர் கடைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காகத் தட்டைச் செருகக்கூடாது. "அண்ணாச்சி, இது வேண்டாம்" என்று சொல்கிற கடைக்கு வியாபாரம் குறையாது. நம்பிக்கைதான் கூடும்.

வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் ரோட்டில் காரை நிறுத்தினால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்ததோடு விட்டுவிடாமல், குனிந்து சக்கரத்தையும் பார்க்க வேண்டும். அபராதம் போடும் முன் ஒருமுறை எச்சரித்து, அளவைச் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு அளவுகோலும் ஐந்து நிமிஷமும் போதும்.

அகலக்கால் வைத்தால் ஆபத்து என்று பெரியவர்கள் மனுஷனுக்குச் சொன்னார்கள். காருக்கும் அது பொருந்தும்.