காணாத கூட்டுக்காக

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் ஜோன்ஸ்டன் என்னும் ஆழ்ந்த மலையிடுக்கு உண்டு. சுண்ணக்கற் பாறைச் சுவரில் பொருத்தப்பட்ட இரும்பு நடைபாதையில், ஓடையின் மேலாக நடந்து அருவிகளை அடையலாம். கீழருவிக்கு ஏறத்தாழ 1 கிலோமீற்றர். மேலருவிக்கு 2½ கிலோமீற்றர். கோடையில் ஆர்ப்பரிக்கும் அருவி, குளிர்காலத்தில் உறைந்து பனித்தூணாக மௌனம் காக்கும். அக்காலத்தில் பாதையும் பனிக்கட்டியாகிவிடுவதால், காலணியின் கீழ் இரும்பு முட்களைப் பூட்டிக்கொண்டு மெல்ல அடியெடுத்து வைக்கிறோம்.

கோடையிலோ நம் கால்கள் துணிந்து விடுகின்றன. நல்லதொரு புகைப்படத்திற்காக வேலியைத் தாண்டுவோர் உளர். அப்பாறைப் பிளவுகளில்தான் கரிய உழவாரன் குருவி கூடு கட்டுகிறது. ஆண்டுக்கு அது இடுவது ஒரேயொரு முட்டை. அருகிவரும் அவ்வினத்தைக் காக்கவே, கூடு கட்டும் காலத்தில் பாதையை விட்டு விலகுவது தடை செய்யப்பட்டுள்ளது.

"நான் ஒருவன்தானே" என்று எண்ணாதீர்கள். முதல் காலடிதான் அடுத்தவருக்கு வழியாகிறது. குளிர்காலத்தில் நம் உயிருக்கு அஞ்சிக் கவனமாய் நடக்கும் நாம், கோடையில் இன்னோர் உயிருக்காக அவ்வாறு நடக்கலாகாதா? அருவியின் அழகைப் பாதையில் நின்றே காணலாம். கண்ணுக்குத் தெரியாத கூட்டுக்காகக் கால்களை அடக்குவதும் அன்பே. அதைப் பிள்ளைகளுக்கு நடந்து காட்டுங்கள்.