நம் பிள்ளைகளின் விரலுக்குத் தமிழ்

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் என் பேத்தியிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. "தாத்தா, சாலைக்குப் போனா வெள்ளம் ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க." வெள்ளத்தைக் கிலோக் கணக்கில் விற்கும் கடை சாலைக் கடைத்தெருவில் எனக்குத் தெரிந்து இல்லை. அவள் அம்மா சொன்னது வெல்லம். கூப்பிட்டுக் கேட்டேன். "நான் சரியாத்தான் அடிச்சேன் தாத்தா, போன் அப்படி எடுத்துக்கிச்சு" என்றாள்.

அவள் சொன்னது பொய்யல்ல. ஆங்கில எழுத்தில் வி, இ, எல், எல், ஏ, எம் என்று கண்ணாடியைத் தொட்டிருக்கிறாள். இது வெல்லமா வெள்ளமா என்று கைப்பேசிக்கு எப்படித் தெரியும்? மேலே வரிசையாகக் காட்டிய சொற்களில் முதலில் நின்றதைப் பேத்தி தொட்டுவிட்டாள். கேரளத்தில் வளர்கிற பிள்ளைக்கு 'வெள்ளம்' என்றால் குடிக்கிற தண்ணீர். கண்ணுக்குப் பழகிய சொல் என்பதால் சந்தேகமும் வரவில்லை.

வீட்டில் எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் இந்தப் பெண் வாய் நிறையத் தமிழ் பேசுகிறாள். மலையாளத்தில் ல-வும் ள-வும் பிசகாமல் எழுதுகிறாள். தமிழில் எழுத உட்கார்ந்தால் மட்டும் ஒரு தமிழ் எழுத்தையாவது அவள் விரல் தேடிப் போவதில்லை. ஆங்கிலத்தில் போடுகிறாள், கைப்பேசி தமிழில் எடுத்துக் கொடுக்கிறது. கொடுத்தது சரிதானா என்று பார்க்க எழுத்து தெரிந்திருக்க வேண்டும். அந்த எழுத்தைப் பழகத்தான் அவளுக்கு வழி இல்லாமல் போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ழ-கரத்துக்கு நம் ஊரில் ஆபத்து குறைவு. ஆலப்புழை, கோழிக்கோடு என்று பேருந்துப் பலகையெல்லாம் இசட், எச் போட்டு எழுதியிருப்பதால் பிள்ளைகளுக்கு அது பாடமாகிவிட்டது. ல, ள இரண்டுக்கும், ன, ண இரண்டுக்கும், ர, ற இரண்டுக்கும் அப்படிக் காவல் யாரும் இல்லை. மலையாளத்தில் ந, ன இரண்டு ஒலிக்கும் எழுத்து ஒன்றே ஆதலால், அந்த இடத்தில் நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்து இல்லாமலே தடுமாறுகிறவர்கள். ஆங்கில எழுத்தும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டாம்.

நான் தமிழ்த் தட்டச்சு படித்தது நாகர்கோவிலில் ஒரு பயிற்சி நிலையத்தில். தகரக் கூரை, எட்டுப் பத்து இயந்திரங்கள். 'யளனக' என்று முதல் நாள் தொடங்கினால் ஒரு வாரம் அதுவேதான். கீழே குனிந்து விசையைப் பார்த்தால் ஆசிரியர் பென்சிலால் விரலில் தட்டுவார். புள்ளி வைத்த எழுத்து வேண்டுமென்றால் முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும்; வண்டி நகராது; பிறகு எழுத்தைத் தட்டினால் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். அந்தக் காலத்தில் இது பெரிய தொல்லை என்று நினைத்தோம். ஆனால் மூன்று மாதத்தில் ள எந்த விரலில் இருக்கிறது, ல எந்த விரலில் இருக்கிறது என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்தது. விரலுக்குத் தெரிந்த வேற்றுமையை மனது மறப்பதில்லை.

கண்ணாடித் திரையில் இந்தப் பழக்கம் படிவது கடினம். மேசைக் கணினியின் விசைப்பலகையைத் தடவிப் பாருங்கள். ஆங்கில எஃப், ஜே இரண்டின் மேலும் சிறிய மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரலும் அங்கே போய் அமர்ந்துவிட்டால் மற்ற விரல்கள் தம் இடத்தைத் தாமே கண்டுகொள்ளும். திரையில் மேடும் இல்லை, விளிம்பும் இல்லை. கண் பார்த்தால்தான் விரல் போகும். பழைய பொத்தான் கைப்பேசியில் கூட, வகுப்பில் மேசைக்கு அடியில் வைத்துப் பார்க்காமலே செய்தி அனுப்பிய பையன்கள் இருந்தார்கள். எண் பொத்தானில் எத்தனை தட்டுக்கு எந்த எழுத்து என்று கட்டை விரலுக்குத் தெரியும். (அந்த வித்தையை வேறு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.)

தொடுதிரையை நான் பழிக்க வரவில்லை. எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். தட்டச்சு இயந்திரத்தைத் தொட்டதே கிடையாது. இன்று மதுரையில் இருக்கும் மகளுக்குத் திரையில் விரலால் தமிழ் எழுத்தை எழுதியே செய்தி அனுப்புகிறார். அது அச்செழுத்தாக மாறிப் போகிறது. கை வலித்தால் வாயால் சொல்கிறார். அவருக்கு இது வரம். ஏனென்றால் எழுத்து அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. கைப்பேசி பிழையாகக் கொடுத்தால் "இது என்ன கிறுக்கு" என்று அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். எழுத்துத் தெரிந்தவர் கையில் திரை நல்ல வேலைக்காரன். எழுத்துத் தெரியாத பிள்ளையிடம் அதுவே எசமானன் ஆகிவிடுகிறது.

இயந்திரம் எழுத்தை ஆட்டிவைப்பது புதிதுமல்ல. நம் ஊர்த் தலைமைச் செயலகத்திலிருந்தே 1971-ல் மலையாள எழுத்துச் சீர்திருத்தம் அமலுக்கு வந்தது. நூற்றுக்கணக்கில் இருந்த கூட்டெழுத்துகளைத் தட்டச்சு இயந்திரத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. எழுத்தோடு ஒட்டி நின்ற உகரக் குறியைப் பிரித்துத் தனியே வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1978-ல் பெரியார் வழி எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று, கொம்பு போட்ட ணை, லை, ளை, னை எல்லாம் இன்றைய வடிவத்துக்கு வந்தன. என் தலைமுறையில் சிலர் கடிதத்தில் இன்னும் யானைத் துதிக்கை போல் லை போடுவதைக் காணலாம். அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதி என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கணினி வந்த பிறகு அந்த நெருக்கடி தீர்ந்தது. 1999-ல் சித்ரஜகுமார், ஹுசைன் முதலியோர் 'ரசனா' என்ற பெயரில் பழைய மலையாள எழுத்து முழுவதையும் கணினியில் கொண்டுவரப் புறப்பட்டார்கள். அதே 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் வழியாக நமக்குத் 'தமிழ்99' விசைப்பலகை கிடைத்தது. உயிர் 12, மெய் 18, ஒரு புள்ளி. 31 விசைகளில் தமிழ் முழுதும் அடங்கியது. இடக் கையில் உயிர், வலக் கையில் பெரும்பாலான மெய். அம்மா என்று அடிக்க நான்கு தட்டு போதும்: அ, ம, ம, ஆ. நடுவில் வரும் புள்ளியை அது தானே வைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழ் எழுதும் கருவிகளில் பல, தாயகத்துக்கு வெளியே பிழைக்கப் போன தமிழர் கையில் உருவானவை. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்துக்கு விசையமைப்புச் செய்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போனவர். இணையத்தில் தமிழுக்கு ஆரம்ப வழி போட்டவர்களில் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி ஒருவர். 2005 பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்த 'செல்லினம்' மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கியது. சுற்றிலும் வேறு மொழி கேட்கும் ஊரில் இருப்பவனுக்குத்தான் தன் எழுத்துக்குக் கருவி வேண்டும் என்ற தவிப்பு அதிகம் போலும். திருவனந்தபுரத்துத் தமிழருக்கும் அந்தத் தவிப்பு இருக்கலாம் அல்லவா?

நம்மிடம் அதற்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினியில் மலையாளத் தட்டச்சுப் பழகுகிறார்கள். பள்ளி சாஸ்திர மேளாவின் ஐ.டி. பிரிவில் அது ஒரு போட்டியாகவே நடக்கிறது. 'லிட்டில் கைட்ஸ்' என்று 2018-ல் தொடங்கிய மாணவர் குழுக்களின் பயிற்சியிலும் மலையாளக் கணினியியல் உண்டு. அங்கே அவர்கள் பழகும் விசையமைப்புக்கு 'இன்ஸ்கிரிப்ட்' என்று பெயர். இது மலையாளத்துக்கென்று தனியாகச் செய்ததல்ல. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அமைப்பாக மத்திய அரசின் மின்னணுத் துறை 1986-ல் வகுத்து, பிறகு 1991-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றுக்கொண்டது. எந்த மொழியானாலும் 'க' ஆங்கிலக் கே இருக்கும் இடத்தில். 'ப' எச் இருக்கும் இடத்தில். 'த' எல் இருக்கும் இடத்தில்.

இதன் பொருளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மலையாளத்தில் 'மழ' என்று அடிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழில் 'மழை' அடிக்க அதே இரண்டு தட்டு, கூட இடக் கையில் ஐகாரக் குறிக்கு ஒரு தட்டு. 'வாழ' தெரிந்தால் வாழை வந்துவிட்டது. 'கர' தெரிந்தால் கரை. ல ஒரு விசையில் இருக்கிறது; அதே விசையை ஷிஃப்ட் அழுத்தித் தட்டினால் ள. மலையாளத்திலும் அப்படியே, தமிழிலும் அப்படியே. மலையாள வெள்ளத்துக்கு ஷிஃப்ட் போட்ட விரல், தமிழ் வெல்லத்துக்கு ஷிஃப்ட் போடாது. க-வுக்கு நான்கு வகை, ச-வுக்கு நான்கு வகை என்று அங்கே நிறைந்திருக்கும் விசைகள் இங்கே பல காலியாகக் கிடக்கும். புதிதாகப் படிக்க வேண்டியது ன-கரமும் ஆய்தமும், அங்கங்கே சிலவும்தான். பாதித் தமிழ்த் தட்டச்சை அரசு செலவில் பள்ளிக்கூடமே நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டது. மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்க நாம் யாரும் போகவில்லை.

பேத்தியை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். வீட்டுக் கணினியில் மொழியைத் தமிழுக்கு மாற்றி, மலையாளம் அடிக்கிற மாதிரியே அடி என்றேன். 'மழை' வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். "இது நம்ம ஸ்கூல்ல உள்ளதுதானே தாத்தா!" என்றாள். அரை மணி நேரத்தில் தன் பெயர், அம்மா பெயர், தெருப் பெயர் எல்லாம் வந்துவிட்டது. நகரத்தை ந-வில் எழுதுவதா ன-வில் எழுதுவதா என்று முதல் முறையாக என்னிடம் கேட்டாள். கைப்பேசி இருந்த காலத்தில் அந்தக் கேள்வி அவளுக்கு எழுந்ததே இல்லை.

தமிழ்99 இருக்க இன்ஸ்கிரிப்ட் ஏன் என்று கேட்கும் அன்பர்கள் உண்டு என்பது தெரியும். தமிழ்நாட்டில் இருந்தால் நானும் அதையே கேட்பேன். தட்டுகள் குறைவு, தமிழின் இயல்பை அறிந்து செய்தது. ஐயமில்லை. ஆனால் ஏற்கெனவே ஓர் அமைப்பைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையிடம் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டச் சொன்னால், அவள் இரண்டையும் விட்டுவிட்டு ஆங்கில எழுத்துக்கே போவாள். தமிழ் எழுத்து விரலில் ஏறட்டும். பிறகு விருப்பம் உள்ளவர்கள் தமிழ்99-க்கு மாறிக்கொள்ளலாம். கல்லூரிக்குத் தமிழ்நாடு போகிறவர்கள் எப்படியும் மாறுவார்கள். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து, மலையாளத் தட்டச்சும் அறியாத பிள்ளைகளுக்குத் தமிழ்99-ஐயே தொடக்கத்தில் கொடுக்கலாம்; அவர்களுக்குக் கழற்ற ஒன்றும் இல்லை.

கைப்பேசியைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்க முடியாது, பிடுங்கவும் வேண்டாம். அதன் அமைப்புக்குள் போய், ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் பலகையை நீக்கிவிட்டு, தமிழ் எழுத்தே தெரியும் பலகையை வைத்துக் கொடுங்கள். ஐபோனில் 2013-லிருந்து தமிழ்99 கூடவே வருகிறது. முதல் வாரம் முணுமுணுப்பார்கள். தாமதமாகிறது என்பார்கள். எங்கள் வீட்டிலும் அந்த முணுமுணுப்பு நடந்தது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே இரண்டு மாதம் பள்ளி விடுமுறை. அந்த நாள்களில் வாசகசாலையில் ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். புதுக் கணினி வாங்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடங்களைப் போல லினக்ஸ் போட்டால் பழைய கணினியே ஓடும்; அதில் இந்த இரண்டு தமிழ் அமைப்பும் காசில்லாமல் கிடைக்கும். வீட்டில் பரண்மேல் கிடக்கும் விசைப்பலகைகளை அன்பர்கள் கொண்டுவந்து தரலாம்; ஒன்று என்னிடமே இருக்கிறது, கே விசை கொஞ்சம் மக்கர் செய்யும். எழுத்து ஒட்டுத்தாள் பத்து அச்சடித்தால், வலப்பக்கம் மலையாளமும் இடப்பக்கம் தமிழும் ஒரே விசையில் தெரியும்படி ஒட்டிவிடலாம். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என் கையில் பென்சில் இருக்காது.