பழைய தோற்பையும் எமது பழைய நோயும்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், ஒரு சோடி தோடு, எல்லாம் அதற்குள்தான். 1990இல் தீவுப்பகுதியை விட்டு வெளியேறியபோதும், 1995 ஒக்டோபர் 30 இரவில் வலிகாமம் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும், 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி மீண்டும் கலைந்தபோதும் மாட்டை அவிழ்த்துவிட்டோம், நெல்லை விட்டுவிட்டோம், அந்தப் பையை மட்டும் விடவில்லை. பல வீடுகளில் அது ஒரு பழைய தோற்பை. தகப்பன் கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கியதாகவோ, வெளிநாட்டிலிருந்து உறவினர் பாவித்து அனுப்பியதாகவோ இருக்கும்.

இன்று அந்தப் பைகள் எங்கே? பூஞ்சணம் பிடித்து, வார் அறுந்து, கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கின்றன, அல்லது குப்பையோடு எரிந்துவிட்டன. வெளிநாடுகளிலோ பழைய தோற்பைகளைத் தேடி வாங்கித் துப்புரவாக்கித் திருத்தி நல்ல விலைக்கு விற்கிறார்கள். அங்கிருந்து வரும் பார்சல்களில் நல்ல தோற்பைகள் எமக்கும் வருகின்றன. அவற்றைப் பேணவும் திருத்தவும் நாம் கற்க வேண்டும், எமது பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குத் தடையாக இருப்பது பணமுமல்ல, கருவியுமல்ல. அந்தத் தடையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். என் தாயாரின் கைப்பை காய்ந்து வெடிக்கத் தொடங்கியபோது, நல்லது செய்வதாக எண்ணி அதற்குத் தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். இரண்டு நாள் பளபளத்தது. மாரி தொடங்கியதும் பை முழுவதும் வெள்ளைப் பூஞ்சணம், ஊசல் மணம். பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பையை மூக்கருகே பிடித்துப் பார்த்தே நடந்ததைச் சொல்லிவிட்டார். சமையல் எண்ணெய் தோலுக்குள் ஊறிக் கெட்டுப்போகும், கறுக்கும், பூஞ்சணத்துக்கு இரையாகும். அதை நான் அன்றுதான் அறிந்தேன்.

எமது தீவுகளின் காற்று உப்புக் காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். ஆகவே தோற்பையைத் துப்புரவாக்குவது இங்கே அலங்கார வேலையல்ல, பொருளைக் காக்கும் வேலை.

முதலில் பையை வெளியே கொண்டுவந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டிவிடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அது மற்றப் பொருட்களிலும் படியும். பின்னர் பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, குழந்தையைக் குளிப்பாட்டும் மென்மையான சவர்க்காரம் சிறிது தொட்டுத் துடையுங்கள். முதலில் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் தடவி, நிறம் கழருகிறதா என்று பாருங்கள். கழராவிட்டால் மட்டும் மேலே தொடருங்கள். அதன்பின் வெறும் ஈரத்துணியால் சவர்க்காரத்தைத் துடைத்தெடுங்கள். பையைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம். சலவைத்தூள், வெளிற்றும் மருந்து, மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம்.

உலர்த்துவது நிழலில், காற்றோட்டத்தில். வெயிலும் அடுப்பங்கரைச் சூடும் தோலை இறுக்கி வெடிக்க வைக்கும். உள்ளே கடுதாசியை உருட்டி வைத்தால் உருக்குலையாது, ஈரத்தையும் உறிஞ்சும். மணம் போகாவிட்டால் அப்பச்சோடாவை ஒரு துணியில் முடிந்து சில நாட்கள் உள்ளே வையுங்கள். நன்றாக உலர்ந்தபின், நிறமற்ற சப்பாத்துக் கிறீமோ தேன்மெழுகு கலந்த பூச்சோ மிகக் கொஞ்சமாகத் தடவித் தேயுங்கள். கூடத் தடவினால் கூட நன்மை என்று எண்ணக்கூடாது.

பித்தளைக் கொளுக்கியில் களிம்பு ஏறியிருந்தால் எங்கள் கை தானாகவே புளியைத் தேடும். பித்தளைக்குப் புளி நல்லது, தோலுக்கு ஆகாது. கொளுக்கியைக் கழற்றித் துலக்குங்கள். கழற்ற முடியாவிட்டால் புளியை விட்டு, உலர்ந்த துணியால் தேய்ப்பதோடு நிறுத்துங்கள்.

அறுந்த தையலைக் கையால் தைப்பதே சிறந்தது. ஒரு நூலின் இரு நுனியிலும் இரு ஊசி கோத்து, பழைய துவாரங்களின் வழியே இரு பக்கமிருந்தும் மாறி மாறி இழுக்க வேண்டும். நூலுக்கு மெழுகு பூசிக்கொள்ளுங்கள். இயந்திரத் தையலில் ஓரிடம் அறுந்தால் தொடர்ந்து அவிழும். இந்தத் தையலில் ஒரு பக்கம் தேய்ந்தாலும் மறு பக்கம் பிடித்திருக்கும்.

எல்லாப் பையையும் காப்பாற்ற முடியாது. பார்சலில் வரும் பைகளிற் பல தோல்போலத் தோன்றும் பிளாஸ்ரிக் பூச்சுத் துணி. ஓரம் கிழிந்த இடத்தில் நார் நாராகத் தெரிந்தால் தோல், நெய்த துணி தெரிந்தால் பூச்சு. பூச்சு உரியவோ பிசுபிசுக்கவோ தொடங்கினால் அதற்கு மருந்தில்லை. மரப்பட்டை கொண்டு பதனிட்ட மிகப் பழைய தோல் சில வேளை சிவந்த தூளாகக் கையில் ஒட்டும். அதுவும் மீளாத நோய். ஈரம் பட்டால் கறுத்து மேலும் கெடும். அப்படியான பையை நினைவாக வைத்திருக்கலாம், தூக்கித் திரிய முடியாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. திருத்திய பையாயினும் காணி உறுதியை அதற்குள் வைத்து மறந்துவிடாதீர்கள். தோலின் பூஞ்சணம் கடுதாசிக்கும் தாவும். உறுதியை வேறாக, உலர்ந்த இடத்தில், சுத்தமான கடித உறையில் வையுங்கள். படப்பிரதி எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள். மூலப்பத்திரத்தைச் சூட்டில் பிளாஸ்ரிக் தாளுக்குள் ஒட்ட வேண்டாம். பின்னர் அதைப் பழுதில்லாமல் பிரிக்க முடியாது. வலிகாமம் வடக்கில் இன்னும் காணி விடுபடாத குடும்பங்களுக்கு அந்த ஒரு கடுதாசியின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை.

இனி அந்தத் தடை. சுயதொழில் என்றவுடன் தையல் இயந்திரம் கொடுக்கிறோம். ஒரே ஊரில் பலர் ஒரே சட்டையைத் தைத்துவிட்டு வாங்குவாரில்லாமல் இருக்கிறார்கள். தோற்பை, இடுப்புப் பட்டி, புத்தகப் பை திருத்துவதற்குத் தேவைப்படுவது இரண்டு ஊசி, ஒரு குத்தூசி, மெழுகு, நூல், பொறுமை. இது ஊர் முழுவதற்கும் சோறு போடும் தொழில் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஊரில் ஓரிருவருக்கு, விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட நாட்களில், கைச்செலவுக்கு உதவும். ஆயினும் இதைக் கற்க எவரும் முன்வருவதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். தோல் வேலை இன்ன சாதியின் வேலை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

என் தாயாரின் பையைத் திருத்திய முதியவர் அதைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். படலையடியில் நின்றார். எங்கள் வீட்டார் அவருக்கு வேறு கோப்பையில் தண்ணீர் கொடுத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் பேசவில்லை. அவரிடம் கற்றது அத்தனை, அவருக்குக் கொடுத்தது அது. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தோலைத் தொட்டால் தீட்டு என்ற அதே கைதான், ஷெல் விழுந்த நாளில் தோற்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியது. தோல் போர்த்த தவில் முழங்காமல் எமது கலியாணம் நடப்பதில்லை. முகாமில் ஒரே வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தோம். ஊர் திரும்பியதும் கிணற்றடியில் பழைய வரம்புகளைத் தேடுகிறோம். தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்கள் தோலாலே பிழைக்கின்றன. 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் படித்தவர்கள் தோலை விஞ்ஞானமாகப் பயில்கிறார்கள். பதனிடும் கழிவு பாலாற்றைக் கெடுத்த கதையும் அங்கே உண்டு. அது 1996இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புவரை சென்றது. திருத்தும் தொழிலுக்கு அந்தப் பழி இல்லை. இருக்கும் பொருளின் ஆயுளை அது கூட்டுகிறது, அவ்வளவே.

அல்லைப்பிட்டி மண்ணிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முந்திய சீனப் பீங்கான் துண்டுகளை எடுத்தபோது, உடைந்த பழசு என்று எவரும் எறியவில்லை. கழுவி, இலக்கமிட்டு, ஆராய்ந்தார்கள். எங்கள் வீட்டுப் பழசுக்கும் அந்த மரியாதையில் ஒரு பங்கு கொடுப்போம்.

இந்த மாரிக்கு முன் உங்கள் பையை இறக்கிப் பாருங்கள். உங்களூரில் தோல் தைக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், உங்கள் பிள்ளையை அவரிடம் கற்க அனுப்புங்கள். அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருத்தி, நீங்கள் குடிக்கும் கோப்பையிலேயே தேநீர் கொடுங்கள். பூஞ்சணத்தை ஒரு நாளில் துடைத்துவிடலாம். மற்றதைத் துடைக்க நாட்செல்லும். ஆகவே அதை இன்றே தொடங்க வேண்டும்.