ஊட்டி வளர்ந்தது யார்?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீடியோ கேமில்கூட ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. அம்புக்குறி காட்டாவிட்டால் நகர மாட்டார்கள்" என்று சலித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை.

1986இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'செல்டா'வில் அம்புக்குறி இல்லைதான். ஆனால் அமெரிக்காவில் விற்ற பெட்டிக்குள்ளேயே கையேடும் வரைபடமும் இருந்தன. வழி தெரியாமல் விழித்தவர்கள் போன் போட்டுக் கேட்க, அந்த நிறுவனமே ஆட்களை வைத்திருந்தது. 1988இல் 'நிண்டெண்டோ பவர்' என்று பத்திரிகையே தொடங்கி வழி சொல்லிக்கொடுத்தது. அன்று திரைக்கு வெளியே இருந்த உதவி இன்று திரைக்குள் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையாம்! 2022இல் வந்த 'எல்டன் ரிங்'கில் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்கூடக் கிடையாது. நூறு முறை செத்துச் செத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்குள் 2 கோடிப் பிரதிகள் விற்றன. வாங்கியவர்கள் எல்லாம் தாத்தாக்களா?

தேடிப் பார்க்குமுன்பே விடையைக் காட்டும் விளையாட்டுகளும் உண்டு, மறுக்கவில்லை. அது செய்தவர்களின் அவநம்பிக்கை. ஆடுபவரின் குறை அல்ல. கேள்வி கேட்ட மறுநொடியே தானே விடை சொல்லிவிடும் வாத்தியார், "பையனுக்கு யோசிக்கத் தெரியவில்லை" என்று புலம்பலாமா?