புள்ளி அழிந்தால் விளைச்சல் கூடும்!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரி நிலம் அதிகம். மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி வளர்கின்றன. மழை பொய்த்தால் குடும்பமே வாடும்.

அந்த விவசாயிகள் அறிய வேண்டிய ஒரு செய்தி 2021-ல் வந்தது.

சீன, அமெரிக்க விஞ்ஞானிகள் நெல்லிலும் உருளைக்கிழங்கிலும் ஒரு மாற்றம் செய்தார்கள். வயல் சோதனையில் விளைச்சல் சுமார் 50 சதவீதம் கூடியது! நெல்லின் வேர் ஆழமாக இறங்கியது. வறட்சியையும் தாங்கியது.

அது என்ன மாற்றம்?

செடியின் உயிரணுவில் ஆர்.என்.ஏ. என்ற பொருள் உண்டு. "வேர் விடு", "பூ பூ" என்ற கட்டளைகளைக் கொண்டு செல்லும் கடிதம் அது. அதன் எழுத்துகள் மீது செடி ரசாயனப் புள்ளிகளை வைக்கிறது.

'க' மீது புள்ளி வைத்தால் 'க்' ஆகிறது அல்லவா? அதுபோல, புள்ளி விழுந்தால் கட்டளையின் போக்கும் மாறும். புள்ளியே வைக்க முடியாத செடியின் கரு, விதைக்குள்ளேயே வளராமல் நின்றுவிடும்.

மனித உடலில் இந்தப் புள்ளிகளை அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அதன் மரபணுவைத்தான் பயிரில் சேர்த்தார்கள்.

மனித மரபணு சேர்ந்த சோற்றை உண்பதா என்று பலர் தயங்குவார்கள். தயக்கம் நியாயமே. தீரச் சோதிக்காமல் எதுவும் இலைக்கு வரக்கூடாது. ஆனால் ஆராய்ச்சியே வேண்டாம் என்பது தவறு. செடியிடமே புள்ளியை அழிக்கும் பொருள் உண்டு. அந்த வழியையும் ஆராயலாம்.

இந்த ஆராய்ச்சியை அரசு வேளாண் பல்கலைக்கழகங்கள் கையில் எடுக்க வேண்டும். மானாவாரி மக்காச்சோளத்தில் சோதிக்க வேண்டும். விதை, ஏழை விவசாயிக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும்.

வீரிய மக்காச்சோள விதையை விவசாயி ஆண்டுதோறும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். புது விதையும் அப்படியே ஆனால், புள்ளி அழியும், கடன் அழியாது!