பெல்ட்டுக்கும் வயசாகும்!

1982 முதல் 1991 வரை தயாரான போர்ஷே 944, பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களின் செல்லம். 'அதிகம் ஓடாத வண்டி' என்று விற்பவர் சொன்னதும் மயங்கிவிடாதீர்கள். முதலில் டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கேளுங்கள்.

கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் ஒரே தாளத்தில் சுழல வைப்பது இந்த ரப்பர் பெல்ட்தான். ஓட்டத்தில் இது அறுந்தால், திறந்திருக்கும் வால்வுகளில் பிஸ்டன் மோதும். வால்வுகள் வளைந்துவிடும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும். கார் வாங்கிய காசையே ரிப்பேர் செலவு மிஞ்சிவிடலாம்!

வண்டி சும்மா நின்றாலும் ரப்பர் இறுகும், விரிசல் விடும். பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையா? மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் டைமிங் பெல்ட், பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட், ரோலர்கள், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். பம்ப்பை எடுக்க எப்படியும் பெல்ட்டைக் கழற்றத்தான் வேண்டும். அதனால் லேபர் மிச்சம்.

டயருக்கும் இதே கதைதான். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் வயதைப் பாருங்கள். பிரேக் ஆயில், கூலன்ட், ஹோஸ்களையும் புதிதாக்குங்கள்.

பெயின்ட், மியூசிக் சிஸ்டமெல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.